பதினொன்றாம் எண்ணின் முதுகு

டோட் கில்கிறிஸ்ட்,
உன் முகம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது.
ஏழு ஆண்டில் பதின்மூன்று ஆட்டம்.
நான் பார்த்ததெல்லாம் முதுகு:
நனைந்த சட்டையில்
கோணலாகத் தைத்த பதினொன்று,
அதில் இரண்டு ஒன்றுகளும்
ஒன்றையொன்று முந்தப் பார்க்கும்.

முதல் முறை ஆர்ப்ரோத்தில், நாற்பத்தெட்டு நவம்பர்.
சுவருக்கு அப்பால் கடல் குரைத்துக்கொண்டிருந்தது.
காலையில் லாக்கெல்லிச் சுரங்கத்தில்
அரை ஷிப்ட் முடித்து வந்திருந்தாய்,
காதுமடலுக்குள் கரி மிச்சம்.
நான் விடியும்வரை
ஹாடக் மீனுக்குப் புகை போட்டுவிட்டு வந்திருந்தேன்.
இடதுகோட்டில் நின்றபடி
திரும்பாமலே சொன்னாய்:
"மீன்காரா, நீ எங்கே நிற்கிறாய் என்று
மூக்கே சொல்லிவிடுகிறது."
சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டாய்.
வாசனையும் நானும் நின்றோம்.

மழை குடித்த பந்து
ஊறிய தோலும் நூல்முடிச்சுமாகக்
கல்லாய்க் கனக்கும்.
அதைப் போய்
தட்டில் வைத்து நீட்டுவதுபோல்
கோல் வாசலுக்கு அனுப்புவாய்.
முட்டியவன் திங்கட்கிழமைவரை
நெற்றியில் தையல் தடத்தோடு திரிவான்.

ஐம்பத்தொன்றில் நாட்டுக்காக ஆடினாய்.
ஒரே ஓர் ஆட்டம், சூரிக்கில், நல்ல வெயிலில்.
பக்கத்து வீட்டாரோடு ஆடினால்தான் தொப்பி,
தூரத்து ஆட்களோடு ஆடினால்
கைகுலுக்கலும் ரயில் டிக்கெட்டும்;
அப்படித்தான் அன்றைய வழக்கம்.
"எங்கள் வீட்டில் உள்ள ஒரே தொப்பியில்
விளக்கு மாட்டியிருக்கும்" என்று
எஃபி சொல்லிச் சிரிப்பாளாம்.
நீ சிரித்தாயா, தெரியாது.
முகம்தான் தெரியாதே.

பிறகு லங்காஷயர். வாரம் பதினான்கு பவுன்.
எட்டே மாதம், திரும்பிவிட்டாய்.
அங்கே புல் நன்றாக இருந்ததாம்.
அதுதான் பிடிக்கவில்லையாம்.

இனி அந்த ஜனவரி.
கௌடன்பீத், ஐம்பத்தைந்து, பாதி மண் பாதி பனிக்கட்டி.
எழுபதாவது நிமிடம் சறுக்கிப் போய்
உன்னைச் சாய்த்தேன்.
பந்திலும் பட்டது, காலிலும் பட்டது.
எது முதலில் என்பது
கர்த்தருக்கும் நடுவருக்கும் தெரியும்,
இருவருமே வாய் திறக்கவில்லை.
எழுந்தாய். நொண்டினாய். ஆடி முடித்தாய்.
அடுத்த வாரச் செய்தித்தாளில்
உன் முழங்கால் முடிந்துவிட்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்தேன்,
இரண்டு ஜோடி புகைமீன் பொட்டலத்தோடு.
கண் மூடியபடியே "மீன்காரா" என்றாய்.
நர்ஸ் நகரும்வரை காத்திருந்து சொன்னாய்:
செவ்வாய் இரவு, ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்தாயாம்,
கையில் உருளைக்கிழங்கு மூட்டை,
காலடியில் உறைபனி.
நடத்துநர் ஒருவன்தான் சாட்சி,
அவன் உன் மைத்துனன்.
"இவ்வளவு காலம் ஓடியவன்
கிழங்கோடு விழுந்தான் என்றா எழுதுவார்கள்?
நீ உடைத்ததாகவே இருக்கட்டுமே.
உனக்கென்ன, பேர்தானே."

கொடுத்தேன்.
அன்றைக்கு அது சில்லறைக் கடன்.

முப்பத்தோரு வருஷம், டோட்.
ஃபைஃப் பக்கம் பஸ் ஏறினால்
பக்கத்து இருக்கை காலியாகவே வரும்.
மகளிடம் பள்ளியில் ஒரு பையன் கேட்டிருக்கிறான்,
"உங்கப்பாதானே?" என்று.
அவள் இரவுச் சாப்பாட்டில் அதை என்னிடம் கேட்டாள்.
உப்பை எடுத்துத் தரச் சொன்னேன்.
எங்கள் ஊர்க்காரர்களோ
முதுகில் தட்டி பியர் வாங்கிக் கொடுத்தார்கள்.
குடித்தேன். அதைத்தான்
இன்னும் செரிக்க முடியவில்லை.

இன்று லாக்கெல்லிக் கல்லறையில்
கடைசி வரிசை.
போதகர் "அந்தத் துரதிர்ஷ்டமான ஆட்டம்" என்றதும்
தலைகள் என் பக்கம் திரும்பின.
எஃபி திரும்பவில்லை.
இருட்டில் குனிந்து கிழங்கு பொறுக்கியவள்
அவள்தானே.

காலையில் மூன்று முறை
கார்பாலிக் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.
போகவில்லை.
காற்றும் இங்கிருந்து
உன் பக்கமாகத்தான் அடிக்கிறது.